காட்டுக்குப் போகும் வயர்

தம்பி இறந்து, துக்கம் கேட்க வருகிறவர்கள் ஓய்ந்த பிறகு, நான் சென்னை அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். பரளச்சிக்குப் போகிற வழியில், கரிசல் காட்டை ஒட்டிக் கடைசியாக நிற்கிற வீடு எங்களுடையது. அப்பா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். இப்போது வீட்டில் அம்மாவும் தம்பி மனைவியும்தான். அவள் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்கிறாள். காலையில் மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது அடைகிற நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். பகல் முழுக்க அம்மா தனியாக இருந்தால் என்ன செய்வாளோ என்ற பயத்தில்தான் நான் வந்தேன்.

தம்பி ஊர் ஊராகக் கேமரா மாட்டிக் கொடுக்கிற தொழில் செய்தவன். கடை, மண்டபம், கோழிப்பண்ணை என்று எங்கே கூப்பிட்டாலும் வண்டியில் வயர்ச் சுருளைக் கட்டிக்கொண்டு போவான். திருச்சுழியில் ஒரு வேலையை முடித்துத் திரும்பும்போது கண்மாய்க்கரை வளைவில் லாரி வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

எனக்கு வேலை ஒரு மென்பொருள் கம்பெனியில். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எங்கள் பக்கத்து ஃபைபர் லைன் காற்று பலமாக அடித்தாலே அறுந்துவிடும். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது பாதிச் சொல்லில் நின்றுவிடுவேன். என் மேலதிகாரி பொறுமைசாலிதான். அவரே ஒருநாள், "ஊர்ல இன்னொரு கனெக்‌ஷன் கிடைக்குமான்னு பாருங்களேன்" என்றார். விசாரித்ததில் வேறொரு கம்பெனி லைன் கிடைத்தது. இரண்டு லைனும் ஒரே பெட்டிக்குள் வந்து, ஒன்று போனால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வயர் செருகுகிற துளைகள் பல இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

தம்பியின் பழைய லேப்டாப் ஞாபகத்துக்கு வந்தது. அதில் அவன் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு வைத்திருந்தான். சதா ஓடிக்கொண்டே இருக்கும், அதன் வயிற்றிலிருந்து நாலாபக்கமும் வயர்கள் போகும். சாவு வீட்டுக் கூட்டத்தில் யாரோ வயர்களையெல்லாம் உருவி, அதைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி வீட்டில் இருந்தபோது கேட்டேன். அவள் பீரோவைத் திறந்தாள். துணி மூட்டையை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். லேப்டாப்போடு, பக்கவாட்டுத் துளையில் செருகுகிற சின்ன அடாப்டர்கள் இரண்டு இருந்தன. லேப்டாப்பில் ஒரே ஒரு நெட்வொர்க் துளைதான் உண்டு. கூடுதல் வயர் வேண்டுமென்றால் வயருக்கொரு அடாப்டர் செருகிக்கொள்ள வேண்டியதுதான்.

"இதெல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடப் போறீகளா மதினி?"

"இல்லத்தா. அவன் வச்சது வச்சபடி இருக்கட்டும். எனக்கு வேணுங்கிறத மட்டும் மேல சேத்துக்கிறேன்."

திரை வெளிச்சமாகி, பாஸ்வேர்டு கேட்டது. நான் அவளைப் பார்த்தேன்.

"நான் போடுறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்றேன். விசைகள் மெதுவாகத் தட்டப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. திரும்பினபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்ட வேலையில் ஒரு தொல்லை உண்டு. லினக்ஸ் ஒவ்வொரு நெட்வொர்க் துளைக்கும் தானாகவே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். எழுத்தும் எண்ணும் கலந்து, வாய்க்குள் நுழையாத நீளத்தில் இருக்கும். எது எந்தத் துளை என்று பார்க்க, ஒவ்வொரு வயராக உருவி உருவிச் செருக வேண்டும். எனக்கும் அப்படித்தான் பாதி நாள் போகும் என்று நினைத்தேன். பட்டியலை எடுத்துப் பார்த்தால், தம்பி எல்லாவற்றுக்கும் அவனே பெயர் வைத்திருந்தான். லேப்டாப்பின் சொந்தத் துளை 'வெளி'. ஒரு அடாப்டர் 'வீடு'. மற்றது 'காடு'; எங்கள் ஊரில் விளைநிலத்தை அப்படித்தான் சொல்வோம். ஆங்கில எழுத்தில்தான் இருந்தன, ஆனாலும் அந்தக் கறுப்புத் திரையில் இருந்தது எங்கள் ஊர்ப் பேச்சு. ஒவ்வொரு அடாப்டருக்குள்ளும் பதிந்திருக்கிற எண்ணோடு பெயரைச் சேர்த்துக் கட்டியிருந்தான். எந்தத் துளையில் செருகினாலும் அதன் பெயர் மாறாது. நான் சம்பளம் வாங்கிச் செய்கிற வேலையை அவன் வீட்டுக்காகச் சும்மா செய்து வைத்திருக்கிறான். என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போய்ப் புது அடாப்டர் ஒன்று வாங்கி வந்தேன். இரண்டாவது லைனுக்கு அது. அவன் பாணியிலேயே அதற்கு 'மாத்து' என்று பெயர் வைத்தேன். ஃபைபர் 'வெளி' வழியாக வரும், மற்ற லைன் 'மாத்து' வழியாக வரும், இரண்டும் சேர்ந்து 'வீடு' வழியாக என் மேஜையில் இருக்கிற கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு வரும். இரண்டு வழிகளில் எது முதலில் என்பதை ஒரு எண்ணால் சொல்ல வேண்டும். சின்ன எண்ணுக்கு முதல் மரியாதை. எழுதி முடித்து, ஃபைபர் வயரை உருவிப் பார்த்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் தடுமாறிவிட்டு, மாத்து லைன் எடுத்துக்கொண்டது. திரும்பச் செருகினேன். பழைய வழிக்கே வந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது.

'காடு' மட்டும் வயர் இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த அடாப்டர் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கலாம் என்றுதான் நினைத்தேன். கைக்கு எட்டின தூரத்தில், ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கருப்பு வயர் தொங்கியது. வெயிலில் காய்ந்து மேல்தோல் வெளுத்திருந்தது. அதை உள்ளே இழுத்துச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு கணம் கழித்து மஞ்சள் விளக்கு படபடவென்று துடித்தது. அந்த முனையில் ஏதோ விழித்திருந்தது.

என்னவென்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று டீ போட எழுந்தேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா பின்வாசலில் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய்! போ! போங்கிறேன்ல! இங்க என்ன வேல உனக்கு? வீட்டுக்குப் போ!"

தம்பியின் குரல். காட்டுப் பக்கமிருந்து வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்வாசலுக்கு ஓடியபோது அங்கே ஆட்டுக்குட்டி மட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. அம்மா செருப்பில்லாமல் உழவுக்கட்டி மேல் விழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் காடு வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரம்தான். நடுவில் ஒரு கிணறு, பக்கத்தில் மோட்டார் ரூம், அதன் மேல் சாய்ந்த வேப்பமரம். நான் போய்ச் சேரும்போது மயில் கூட்டம் ஒன்று உளுந்துச் செடிக்குள்ளிருந்து எழும்பிச் சீமைக்கருவேலங் காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வேப்பமரக் கிளையில் சாம்பல் நிறக் கூம்பு ஸ்பீக்கர் ஒன்று கட்டியிருந்தது. அதற்குக் கீழே மோட்டார் ரூம் சுவரில் கேமரா. அம்மா மோட்டார் ரூமைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

அவள் நடமாட்டத்தைக் கேமரா பார்த்துவிட்டது. தலைக்கு மேலிருந்து மறுபடியும், "போ! வீட்டுக்குப் போ!" என்று தம்பி அதட்டினான்.

"போறேன்ப்பா. நீ எங்க இருக்க? போறேன், நீ வா" என்றாள் அம்மா, மரத்தை அண்ணாந்து பார்த்து.

ஸ்பீக்கரையும் கேமராவையும் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது; அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மயில் விரட்ட அவன் உயிரோடு இருக்கும்போது பதிந்து வைத்தது, கேமரா ஏதாவது அசைவதைப் பார்த்தால் லேப்டாப் அந்தக் குரலை அனுப்பும், வயர் கழன்று கிடந்ததால் இத்தனை நாள் சத்தம் இல்லை, நான் இன்றைக்கு மாட்டினேன் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா முழுக்கக் கேட்டாள். அவளுக்குப் புரிந்தது. டிவி பார்க்கிறவள், போனில் பேசுகிறவள், பதிவு செய்த குரல் என்றால் என்னவென்று தெரியாதவள் இல்லை. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு தடவை நின்று பின்னால் பார்த்தாள்.

தம்பி மனைவி வேனிலிருந்து இறங்கி வந்ததும் சொன்னேன். அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்தாள்.

"அவுகதான் செஞ்சாக. போன தடவ உளுந்து போட்டப்ப, மயிலு ஒரு செடியக்கூட விடலன்னு. மறந்தே போனேன்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நிறுத்திருங்க மதினி. என்னால முடியாது."

உள்ளிருந்து அம்மா குரல் வந்தது. "நிறுத்துனா நான் சோறு தொட மாட்டேன்."

"அத்தை, தெனமும் அதக் கேட்டுக்கிட்டு நான் எப்படி இங்க இருக்கிறது?"

"என் பிள்ளை என்னைய வையிறான். உனக்கென்ன?"

இருவரும் ஒரே மனிதனுக்காக அழுகிறவர்கள். என் பக்கம் திரும்பி, நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்பது போல நின்றார்கள். 'காடு' என்ற பெயரைப் போட்டு ஒரு வரி அடித்தால் அந்தப் பாதை மூடிக்கொள்ளும். இன்னொரு வரி அடித்தால் திறக்கும். வேன் காலையில் போன பிறகு திறந்து, சாயங்காலம் வருவதற்கு முன்னால் மூடும்படி நேரம் குறித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை திறக்கவே திறக்காது. மருமகளுக்குக் கேட்காது, மாமியாருக்குக் கேட்கும். ஒரு வீட்டுக்குள் இப்படி ஒரு ஏற்பாடு செய்கிற நாள் வரும் என்று நான் நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டது. வெயில் தாழ்ந்ததும் முகம் கழுவி, தலை சீவி, காட்டுக்குப் போவாள். கேமராவுக்கு முன்னால் நிற்பாள். தம்பி திட்டுவான். அவள் பதில் சொல்வாள். நான் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன். ஒரு மூலையில் கேமராப் படம் சின்னதாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கேமராவில் மைக் இல்லை. அவள் வாய் அசைவது மட்டும் தெரியும். கையை நீட்டி எதையோ விளக்குவாள். சில நாள் கோபமாக விரலை ஆட்டுவாள். ஒருநாள் சிரித்தாள். ஒரு பக்கம் கம்பெனி ஆட்கள் அடுத்த மாத வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அம்மா வேப்பமரத்தோடு பேசிக்கொண்டிருப்பாள். முடிந்ததும் புடவையைச் சரி செய்துகொண்டு தலையை ஆட்டுவாள். 'போயிட்டு வாரேன்' என்று சொல்கிறாள் என்பது உதட்டிலேயே தெரியும்.

எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. மத்தியானத்தில் காகமோ நாயோ கேமராவுக்கு முன்னால் வந்து குரல் கேட்டால், சாப்பிடுகிற கை நின்றுவிடும். "இங்க என்ன வேல உனக்கு?" என்று அவன் கேட்கும்போது, என்னிடம்தான் கேட்கிறான் என்று தோன்றும். அவன் இருந்தவரை வருசத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வந்து போன அக்கா நான், இப்போது அவன் லேப்டாப்பில், அவன் நாற்காலியில் இருந்தேன்.

பறவைகளுக்குப் பழகிவிடக்கூடாது என்று அவன் பல விதமாகப் பேசிப் பதிந்திருந்தான். ஒன்றில் வெறும் கைதட்டல். ஒன்றில் நாய் மாதிரிக் குரைப்பான். எது வரும் என்று சொல்ல முடியாது.

மில்லுக்கு ஒருநாள் திடீரென்று விடுமுறை விட்டார்கள். நான் நேரத்தை மாற்ற மறந்துபோனேன். தம்பி மனைவி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது காட்டிலிருந்து குரல் வந்தது. நான் பதறிப்போய் லேப்டாப்புக்கு ஓடினேன். அதற்குள் அவள் ஈரச் சேலையைத் தோளில் போட்டபடி காட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள். படத்தில் பார்த்தேன். வந்து நின்றாள். அண்ணாந்தாள். கொஞ்சம் நகர்ந்து நின்று மறுபடி அண்ணாந்தாள். வெயிலில் அப்படியே வெகுநேரம் நின்று, வருகிறதையெல்லாம் கேட்டாள்.

திரும்பி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அதுல ஒண்ணுல கடைசில ஒரு பிள்ளை சிரிக்குதே, கேட்டீகளா?"

"ஆமா. யாரோ பக்கத்துல நின்னிருக்காக."

"நாந்தான் மதினி. அவுக குரைக்கிறதப் பாத்துட்டுச் சிரிச்சேன். இப்பக் கேக்கும்போது எனக்கே தெரியல. யாரு வீட்டுப் பிள்ளை இப்பிடிச் சிரிக்குதுன்னு நெனச்சேன்."

அவள் ஈரச் சேலையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அத மட்டும் எடுத்துருங்க. அவுக பேசுறது பேசட்டும். என் சிரிப்பு அங்க கெடந்து காக்காவுக்கும் நாய்க்கும் கேக்க வேண்டாம்."

"உன் போன்ல போட்டுத் தரவா?"

"வேண்டாம்." எழுந்து வாசல் வரை போனவள் நின்றாள். "அழிச்சிராதீங்க. எங்கயாச்சும் இருக்கட்டும்."

அந்தப் பதிவை வேறிடத்துக்கு மாற்றி வைத்தேன்.

உளுந்து காய் பிடிக்கிற சமயம் மயில்கள் அதிகமாக வந்தன. முதலில் குரல் கேட்டதும் பறந்தன. பிறகு பறக்காமல் ஓடின. அப்புறம் தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டன. கடைசியில், ஸ்பீக்கருக்கு நேர் கீழேயே நின்று, அவன் கத்தக் கத்தக் காயைக் கொத்திக்கொண்டிருந்தன. இதை நான் படத்தில் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

ஒரு சாயங்காலம் அவள் வழக்கம்போலப் போனாள். மயில்கள் செடிக்குள் மேய்ந்துகொண்டிருந்தன. தம்பி அதட்டினான். ஒன்றும் அசையவில்லை. மறுபடி அதட்டினான். ஒரு பெண் மயில் நிதானமாக நடந்து வந்து, மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து இறகைக் கோதியது. அம்மா குனிந்து மண்கட்டிகளை எடுத்து எறிய ஆரம்பித்தாள். கை ஓயும் வரை எறிந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கையெல்லாம் கரிசல். கழுவாமலே என் எதிரில் வந்து நின்றாள்.

"அந்த வயர உருவிரு."

"என்னம்மா?"

"அவன் தொண்டத் தண்ணி வத்தக் கத்துறான். ஒரு சீவனும் மதிக்கல. என் பிள்ள இப்பிடி நாதியத்து நின்னு கத்துறத என்னால பாக்க முடியாது. போதும். அவன் ஓயட்டும்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"உருவுடி."

நான் திரையில் 'காடு' என்று அடித்து, மூடச் சொல்லும் வரியை முடித்தேன். அது போதாதென்று தோன்றியது. அம்மா பார்க்கும்படி வயரையும் கழற்றினேன். மஞ்சள் விளக்கு ஒரு தடவை துடித்து அணைந்தது. அம்மா அடாப்டரைத் தொட்டுப் பார்த்தாள். அது ஓடின சூடு இன்னும் இருந்தது. "சூடா இருக்கு" என்றாள். பிறகு கை கழுவப் போனாள்.

தம்பி மனைவி வந்தாள். தூக்கை வைத்தாள், முகம் கழுவினாள், பின்வாசலில் போய் நின்றாள்.

"இன்னைக்கு ஏன் சத்தத்தக் காணோம்?" என்றாள்.

"நீ வர்றதுக்கு முந்தித்தான் தெனமும் நின்னுருமே."

"வேன் சில நாளு சீக்கிரமா வரும் மதினி. வராட்டியும் நான் முக்குலயே எறங்கி வெரசா நடந்து வருவேன். கடைசி ஒரு சத்தம் கேக்கும்."

விசயத்தைச் சொன்னேன். அவள் அம்மாவைத் தேடி உள்ளே போனாள். அடுப்படியில் இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அம்மா சாப்பிட்டாள்.

உளுந்தில் பாதிதான் வீட்டுக்கு வந்தது. ஐப்பசி மழை நன்றாகப் பெய்ததும் அடுத்த வெள்ளாமைக்குச் சோளம் விதைத்தோம். கேமராவையும் ஸ்பீக்கரையும் மரத்திலேயே விட்டுவிட்டோம். ஸ்பீக்கருக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. நான் வேலை பார்க்கும்போது பட்டியலைத் திறந்தால் வெளி, மாத்து, வீடு மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும். காடு பெயரோடு மட்டும் இருக்கும். அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை. சில சமயம் வயர் இல்லை என்று தெரிந்தும் அதைத் திறக்கச் சொல்லி அடித்துப் பார்க்கிறேன். இல்லை என்றே பதில் வருகிறது. அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.

சோளம் முளைத்ததிலிருந்து மயில் விரட்ட அம்மாவே போகிறாள். நேற்று மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது காட்டிலிருந்து சத்தம் வந்தது.

"ஏய்! போ! போங்கிறேன்ல!"

நான் பேச்சை நிறுத்தினேன். 'போ'வை இழுத்து, கடைசியில் மேலே தூக்கி வெட்டுகிற அதே விதம். அவன் இவளிடமிருந்துதான் அந்த அதட்டலை எடுத்திருக்கிறான். சின்ன வயதில் எங்கள் இருவரையும் இந்தக் காட்டிலிருந்து இப்படித்தான் வீட்டுக்கு விரட்டுவாள். மயில்கள் படபடவென்று எழும்பும் ஓசை ஜன்னல் வரை கேட்டது.

"யாரோ சத்தம் போடுறாங்க போலிருக்கே, எல்லாம் சரிதானே?" என்று மேலதிகாரி கேட்டார்.

"எங்க அம்மா சார்" என்றேன்.